மைல்கல்லுக்கு அப்பால் ஒரு தொப்பி

காற்று பறித்துக்கொண்டு போய்
மைல்கல்லுக்கு அந்தப் பக்கம் நான்கு எட்டில்
போட்டுவிட்டது என் தொப்பியை.
சேற்றில் மல்லாந்து கிடக்கிறது,
உள்துணியில் என் தலையின் எண்ணெய்க் கறை
ஊருக்கே தெரியும்படி.

நான் இந்தப் பக்கம் நிற்கிறேன்.

ரெடிங் நகரின் எல்லையிலிருந்து ஒரு மைல்.
சாலையை விட்டு வயலில் இறங்கக் கூடாது.
மாலை மணி அடித்தால் அறைக்குள் இருக்க வேண்டும்.
இவ்வளவுதான். கீழே கையெழுத்து.
கைதிகளுக்கான முகவர் பெதரிக்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
என்னை அளந்து எழுதினார்:
செவெரின் ஹோல்க், லெப்டினன்ட், டேனிஷ் கடற்படை.
ஐந்தடி எட்டங்குலம். நீள்முகம். செம்பட்டை முடி.
இடது காதோரம் வெடிமருந்துத் தழும்பு.
என் வாக்கு எப்படியிருக்கும் என்று மட்டும் எழுதவில்லை.
அதை அப்படியே வாங்கி
இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

எல்லை தாண்டியவனைக் காட்டிக்கொடுத்தால்
பத்து ஷில்லிங்.
வேலிக்குப் பின்னால் பையன்கள் உட்கார்ந்து
தூண்டில் மிதவையைப் பார்ப்பதுபோல்
எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் மாலுமிகளிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை.
நாற்பத்தொரு பேர்.
சாத்தமில், பாய்மரம் பிடுங்கிய பழங்கப்பலின் வயிற்றில்
ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக் கிடக்கிறார்கள்.
பீரங்கிக்காரன் தோர்கிள்
கோடையிலேயே போய்விட்டான் என்று கடிதம் வந்தது.
பொய் சொல்ல வராது அவனுக்கு.
சீட்டாட்டத்தில்கூடத் தன் கையிலிருப்பதை
முகத்தில் காட்டித் தோற்பவன்.
அவன் சொல்லை வாங்க ஆளில்லை.
என்னுடையதற்கு
ஜன்னல் வைத்த அறை, வாரப்படி,
ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி.

சரணடைந்த காலையில்
கேப்டன் முதல் குண்டிலேயே போயிருந்தார்.
அடித்தளத்தில் நான்கடித் தண்ணீர்.
கொடியை இறக்கச் சொன்னேன்.
இறங்கவில்லை.
கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டது.
தோற்றோம் என்று சொல்வதற்கும்
ஓடுகிற கயிறு ஒன்று வேண்டியிருக்கிறது.
கொடி பறக்கும்வரை சுடுவார்கள்.
நானாக இருந்தாலும் சுட்டிருப்பேன்.

ஆமுண்ட் பக்கத்தில் நின்றான்.
ஆரெண்டால் ஊர்ப் பையன், பதினான்கு வயது,
கயிற்றேணியில் அணில்.
"ஏறு" என்றேன்.
கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினான்.
கொடி விழுந்தது.
அதற்கு முன்பே புறப்பட்டுவிட்ட குண்டுகளுக்கு
அது தெரியாது.

அப்புறம் அமைதி.
ஆங்கிலேய அதிகாரி ஒருவர் படகில் வந்தார்,
என் வாளை வாங்கி, திருப்பியே கொடுத்தார்.
மானத்தோடு சண்டையிட்டீர்கள் என்று
உடைந்த பிரெஞ்சில் சொன்னார்.
நான் நன்றி சொன்னேன்.
இன்றுவரை நாக்கில் கிடக்கிறது அந்த நன்றி.

சந்தை முடிந்து ஒரு வண்டி
ஊருக்குள்ளிருந்து வருகிறது. காலிச் சாக்குகள்.
பின்னால் நடந்து வரும் பையன்
என்னைக் கடந்து போய் நிற்கிறான்.
தொப்பியைப் பார்க்கிறான். கல்லைப் பார்க்கிறான்.
என் பூட்ஸைப் பார்க்கிறான்.
விஷயம் புரிந்துவிட்டது அவனுக்கு.
குனிந்து எடுத்து, முழங்காலில் தட்டி,
தன் தலையில் வைத்துக்கொள்கிறான்.
காதுவரை இறங்குகிறது.

கை நீட்டுகிறேன்.
நீட்டிய கை கல்லைத் தாண்டிவிட்டதா என்று
நானே குனிந்து பார்க்கிறேன்.

வண்டிக்காரர் திரும்பாமலே ஒரு சொல்லைக் கத்துகிறார்.
இங்கே வந்து கற்ற கொஞ்ச ஆங்கிலத்தில்
அது எனக்குத் தெரிந்த சொல்.

ஏறு.

சக்கரத்தின் ஆரத்தில் ஒரு கால்,
பலகை விளிம்பில் ஒரு கால்,
பையன் ஏறுகிறான்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்
அவன் சாக்குகளின்மேல் உட்காரும்வரை.

தொப்பி திருப்பத்தில் மறைகிறது.
தூறல் ஆரம்பித்துவிட்டது.
மாலை மணிக்கு இன்னும் கால்மணி நேரம் இருக்கிறது.